பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரக் கூலியா?

மின்பணியாளர் வாங்கும் கூலி குறித்து வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கூலி இடத்துக்கு இடம் வேறுபடுவதால் தொகைகளைத் தவிர்த்துவிட்டு, கணக்குப் போடும் முறையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டு மின்விசிறி மிகவும் மெதுவாகச் சுற்றியதால் எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். வந்தவர் ஏணியில் ஏறி, கண்டென்சரை மாற்றிவிட்டுப் பத்தே நிமிடத்தில் இறங்கிவிட்டார். ஆனால் வந்து போனதற்கு ஒரு தொகை, ஒரு மணி நேரக் கூலி, கண்டென்சரின் விலை என மூன்றையும் சேர்த்து வாங்கினார். செய்த வேலைக்கும் வாங்கிய பணத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா?

பதில்: உங்கள் கண்ணில் பட்டது பத்து நிமிடம், அவருடைய கணக்கில் ஓடியது அதைவிடக் கூடுதலான நேரம். உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம், அடுத்த வீட்டுக்குப் போகும் நேரம், கண்டென்சர் கையிருப்பில் இல்லையென்றால் கடைக்குப் போய்வரும் நேரம், தொலைபேசியில் விசாரித்துவிட்டுக் கடைசியில் அழைக்காமல் விட்டவர்களிடம் பேசிய நேரம் ஆகிய எதற்கும் எவரும் தனியாகக் கூலி தருவதில்லை. ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உழைக்கிறார், அதில் மூன்று மணி நேரம் இப்படிக் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், டிரில்லிங் மெஷின், ஏணி, வண்டி எரிபொருள், உரிமத்தைப் புதுப்பிக்கும் கட்டணம், உதவியாளர் இருந்தால் அவருடைய சம்பளம், வேலையே வராத நாள்கள் என எல்லாச் செலவையும் மீதமுள்ள ஐந்து மணி நேரத்தின் மீதுதான் அவர் ஏற்றியாக வேண்டும். மணிக்கணக்குக் கூலி நமக்கு அதிகமாகத் தோன்றுவதற்கு இதுவே முதற்காரணம்.

இருப்பினும், உங்கள் மனக்குறையிலும் நியாயம் இருக்கிறது. வருகைக் கட்டணம் என்பதே பயணத்துக்கும் அலைச்சலுக்கும் ஈடாக வாங்கப்படுவது. அதை வாங்கிவிட்டு, அதே காரணத்தைச் சொல்லிக் குறைந்தபட்சம் ஒரு மணி நேரக் கூலியையும் வாங்கினால், ஒரே செலவை இரண்டு முறை வசூலித்தது போலாகிவிடுகிறது. முறையாகத் தொழில் செய்பவர்கள் பலர் வருகைக் கட்டணத்துக்குள்ளேயே முதல் அரை மணி நேரத்தை அடக்கிவிடுகிறார்கள், அல்லது வருகைக் கட்டணமே இல்லாமல் முதல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வாங்குகிறார்கள். இரண்டில் எது என்பதை அழைக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் "வந்து பார்த்துச் சொல்கிறேன்" என்பவர், வேலைக்கான தொகையைத்தான் அப்படி ஒத்திவைக்கலாமே தவிர, வந்து பார்ப்பதற்கான தொகையை அல்ல.

இன்னொரு யோசனையும் உண்டு. ஒரு மணி நேரக் கூலி கொடுப்பது உறுதியென்றால் மீதி ஐம்பது நிமிடமும் உங்களுடையதே. ஆடிக்கொண்டிருக்கும் சுவிட்ச், பிளக்கைச் செருகும்போது பொறி பறக்கும் சாக்கெட் போன்றவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால், ஒரே வருகையில் எல்லாம் முடிந்துவிடும். மெயின் போர்டில் உள்ள திருகுகளை இறுக்கித் தரும்படியும் கேளுங்கள். தளர்ந்த இணைப்பில் மின்தடை கூடி, மின்சாரம் பாயும்போது அந்த இடமே சூடேறும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், ஒற்றை விளக்குக்குத் தாங்குகிற தளர்ந்த திருகு, தண்ணீர் சூடேற்றும் ஹீட்டரைப் போட்டதும் கருகத் தொடங்கும்.

கேள்வி: புது வீட்டுக்கு ஒயரிங் செய்ய இரண்டு பேரிடம் விலை கேட்டேன். இருவருமே பாயிண்ட் கணக்கில்தான் சொன்னார்கள். முதலாமவர் சொன்ன தொகையில் பாதிக்குச் சற்று மேல்தான் இரண்டாமவர் கேட்கிறார். குறைவாகக் கேட்பவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: இருவரும் பாயிண்ட் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது தெரியாத வரையில், இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை. பொதுவாக, சுவிட்ச் போர்டிலிருந்து ஒரு விளக்குக்கோ மின்விசிறிக்கோ போகும் ஒயரும் அதற்கான சுவிட்சும் சேர்ந்தது ஒரு பாயிண்ட் எனப்படும். சிக்கல் அதற்கு அப்பால்தான் ஆரம்பமாகிறது. அதே போர்டில் இருக்கும் சாக்கெட்டை ஒருவர் முழுப் பாயிண்டாகவும் மற்றவர் அரைப் பாயிண்டாகவும் எண்ணுவார். மாடிப்படி விளக்கைக் கீழிருந்தும் மேலிருந்தும் போட்டு அணைப்பதற்கு டூ-வே சுவிட்ச் இரண்டு வேண்டும், அவற்றுக்கிடையே கூடுதல் ஒயரும் ஓட வேண்டும். விளக்கு ஒன்றுதான் என்றாலும் சிலர் அதை இரண்டு பாயிண்டாகக் கணக்கிடுவார்கள், அதில் தவறில்லை. ஏ.சி., ஹீட்டர், மோட்டார் போன்றவற்றுக்கு, வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்தே தனி ஒயர் இழுக்க வேண்டியிருப்பதால் அவற்றைப் பாயிண்டில் சேர்க்காமல் மீட்டர் நீளத்துக்குக் கூலி வாங்குவோரும் உண்டு.

விலைப்பட்டியலில் இல்லாதவைதான் பெரும்பாலும் பின்னால் தகராறில் கொண்டுபோய் விடுகின்றன. சுவரில் காடி வெட்டுவது யார் பொறுப்பு, வெட்டிய காடியைப் பூசி மூடுவது எலெக்ட்ரீஷியனா கொத்தனாரா, மீட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூஷன் போர்டு வரை வரும் மெயின் லைன் இதில் அடங்குமா, எர்த்திங் போடும் வேலை தனியா, வீடு முடிந்தபின் மின்விசிறி மாட்டுவதற்கும் விளக்குகளைப் பொருத்துவதற்கும் மறுபடி கூலியா என்பவற்றையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவை அனைத்தையும் முதலாமவர் உள்ளடக்கியும் இரண்டாமவர் ஒதுக்கியும் சொல்லியிருந்தால், முடிவில் இரண்டாமவரின் தொகையே கூடுதலாக வந்து நிற்கவும் கூடும்.

பொருளும் சேர்த்த ஒப்பந்தம் என்றால் இன்னும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். மின்சாரம் 220 முதல் 240 வோல்ட் வரையில் வழங்கப்படும் நாடுகளில் விளக்குச் சுற்றுக்கு (சர்க்யூட்) 1.5 சதுர மி.மீ. ஒயரும், சாக்கெட் சுற்றுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரும், அதைவிடக் கனமான சுமைக்கு 4 சதுர மி.மீ. அல்லது அதற்கு மேலும் போடுவது பரவலான வழக்கம். இதில் ஒரு படி இறங்கினாலே செம்பில் கணிசமாக மிச்சம் பிடிக்கலாம், சுவருக்குள் போய்விட்ட ஒயரின் கனத்தைப் பிறகு யாரும் பார்க்கப் போவதில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்து, நான்கு அறைகளை, மின்னோட்டம் அளவை மீறினால் தானாக அணையும் ஒரே எம்.சி.பி. சுவிட்சில் தொங்கவிடுவது இன்னொரு சிக்கனம். எனவே, பாயிண்ட் விலையைக் கேட்பதோடு நிறுத்தாமல் மொத்தம் எத்தனை சுற்று, ஒவ்வொன்றுக்கும் என்ன கனத்தில் ஒயர், எத்தனை ஆம்பியர் எம்.சி.பி., எல்லாச் சாக்கெட்டுக்கும் எர்த் ஒயர் உண்டா என்றும் இருவரிடமும் கேளுங்கள். இந்த நான்குக்கும் இருவரும் ஒரே பதிலைத் தந்த பிறகும் இரண்டாமவர் குறைவாகவே கேட்டால், தாராளமாக அவரிடம் கொடுக்கலாம்.

பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. பைப் பதித்து முடித்ததும் ஒரு பகுதி, ஒயர் இழுத்ததும் ஒரு பகுதி, சுவிட்ச் பொருத்தியதும் ஒரு பகுதி, சோதனை முடிந்து எல்லாம் இயங்கியதும் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். பைப் பதித்ததற்கான பணத்தைக் கொடுக்கும் முன், சுவர் பூசப்படுவதற்குள், எல்லாச் சுவர்களையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பல ஆண்டுகள் கழித்து ஆணி அடிக்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

கேள்வி: பொருள்களை நானே வாங்கித் தருகிறேன், கூலி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் எலெக்ட்ரீஷியனின் முகம் மாறிவிட்டது. பொருளில் அவருக்குக் கமிஷன் கிடைப்பதால்தானே இந்தத் தயக்கம்?

பதில்: அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பொருள் விலையில் ஒரு பங்கைத் தன் வருமானமாகக் கணக்கிட்டுத்தான் பலர் கூலியைக் குறைத்துச் சொல்கிறார்கள். பொருளை நீங்கள் வாங்கிக்கொண்டால் அந்தப் பங்கு போய்விடும். ஆகவே அவர் கூலியை உயர்த்திக் கேட்டால் வியப்படைய வேண்டாம். கடைக்குப் போய், சரக்கைத் தேர்ந்தெடுத்து, தவறியதை மாற்றிக்கொண்டு வரும் வேலைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. கடைக்காரருடன் மறைவாகப் பேசி வைத்துக்கொள்வதுதான் ஏற்க முடியாதது.

ஆனால் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. நீங்கள் வாங்கித் தந்த சுவிட்ச் மூன்றே மாதத்தில் பழுதானால் அதை மாற்ற வருவதற்குக் கூலி உண்டா, இல்லையா? அவர் வாங்கியிருந்தால் பொருளுக்கும் வேலைக்கும் அவரே பொறுப்பு. நீங்கள் வாங்கியிருந்தால், பழுது பொருளிலா பொருத்தியதிலா என்ற வாக்குவாதம் மிஞ்சும். நடுவழி ஒன்று இருக்கிறது: தேவையான பொருள்களை நிறுவனத்தின் பெயர், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றோடு அவரே பட்டியலிடட்டும், பில் உங்கள் பெயரில் வரட்டும், வாங்கிவரும் சிரமத்துக்கென்று ஒரு தொகையை நீங்கள் வெளிப்படையாகவே கொடுத்துவிடுங்கள். மீந்த ஒயர்ச் சுருள் யாருக்குச் சொந்தம் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் கடைசி நாளில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அவ்வப்போது தானாகவே விழுந்துவிடுகிறது. எலெக்ட்ரீஷியன் பல முறை வந்து பார்த்தார், ஒவ்வொரு முறையும் பணம் வாங்கினார், காரணம் மட்டும் பிடிபடவில்லை. கண்டுபிடிக்காதவருக்கு எதற்குக் கூலி?

பதில்: மின்பணியில் விலை சொல்வதற்கு மிகக் கடினமான வேலை இது. பழுதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அது எங்கே இருக்கிறது என்று தேட அரை நாளும் ஆகலாம்.

வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதை ஆர்.சி.சி.பி. ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் வகையில், வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள்ளாகவே அது துண்டித்துவிட வேண்டும். கசிவு ஹீட்டரின் உள்ளே இருக்கலாம், மழையில் நனைந்த வெளிவிளக்கில் இருக்கலாம், சுவருக்குள் நசுங்கிய ஒயரிலும் இருக்கலாம். பல கருவிகளின் சிறுசிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்தும் அதை விழ வைக்கும்.

எல்லா எம்.சி.பி.யையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். பாதி நேரம் அப்படித் தெரிந்துவிடும். ஆனால் ஒற்றைக் கம்பி எம்.சி.பி., மின்சாரம் வரும் ஒயரான பேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் ஒரே கட்டையில் இணைந்தபடியே இருக்கும். ஏதோ ஓர் அறையில் நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தால், அந்த அறையின் எம்.சி.பி. அணைந்திருக்கும்போதும், வேறோர் அறையில் சுமை ஏறிய மாத்திரத்தில் ஆர்.சி.சி.பி. விழும். அப்போது பழி அந்த வேறோர் அறையின் மேல் விழும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மெயினை அணைத்து, நியூட்ரல் ஒயர்களைக் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒயரின் காப்புறையில் கசிவு உண்டா என்று காட்டும் இன்சுலேஷன் டெஸ்டரை வைத்து 500 வோல்ட்டில் அளந்து பார்க்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருபவரால் இது ஆகாது.

ஆகவே, உங்களிடம் வந்தவர் எப்படித் தேடினார் என்பதைப் பொறுத்தே விடை அமையும். இந்தச் சுற்று, அந்தச் சுற்று என்று முறையாக விலக்கிக்கொண்டே வந்து, எவையெவை நன்றாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், காரணம் அகப்படாவிட்டாலும் அவர் உழைப்புக்குக் கூலி உண்டு. அடுத்து வருபவருக்கு அந்தக் குறிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். சுவிட்சைத் தூக்கிவிட்டு, "இப்போது நிற்கிறது பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், முதல் முறைக்கு மேல் கொடுத்தது வீண். இனி அழைக்கும்போது, இத்தனை மணி நேரம் வரை தேடுங்கள், அதற்குள் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்று உச்ச வரம்பு பேசிக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஆர்.சி.சி.பி. விழும் ஒவ்வொரு முறையும் நேரம் என்ன, எந்தக் கருவி ஓடிக்கொண்டிருந்தது, மழை பெய்ததா என்பதைக் குறித்துவையுங்கள். தேடலின் நேரத்தைக் குறைப்பதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அடிக்கடி விழுகிறதே என்ற எரிச்சலில் ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்துவிட்டு நேராக இணைத்துத் தர ஒருவர் முன்வந்தால், இலவசமாகவே செய்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: இரவில் அழைத்தால் இரட்டிப்பாகக் கேட்கிறார்கள். இது முறையா?

பதில்: முறைதான். எரியும் வாடை, பொறி, சுவரைத் தொட்டால் ஷாக் என்றால் மெயினை அணைத்துவிட்டுக் கேட்டதைக் கொடுத்து அழையுங்கள். ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியவில்லை என்றால், அந்த எம்.சி.பி.யை அணைத்துவிட்டு விடியும் வரை காத்திருக்கலாம்.

கேள்வி: உரிமம் பெறாதவர் ஒருவர் பாதிக் கூலிக்கு வேலை செய்து தருகிறார். வேலையும் சுத்தமாகத்தான் இருக்கிறது. உரிமம் என்ற ஒரு காகிதத்துக்காக இரண்டு மடங்கு கொடுக்க வேண்டுமா?

பதில்: சுத்தமாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வது பார்வைக்கு. மின்பணியில் தவறாகச் செய்த வேலையும் சரியாகச் செய்த வேலையைப் போலவே இயங்கும் என்பதுதான் தொல்லை. எர்த் ஒயரே இணைக்கப்படாத சாக்கெட்டில் சலவைப் பெட்டி நன்றாகவே சூடாகும். பேஸில் வைக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் வைத்துவிட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், பல்பை மாற்றப் போகிறவரின் விரல்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

அதற்காக உரிமம் பெற்றவர் எல்லோரும் திறமைசாலிகள், பெறாதவர் எல்லோரும் அரைகுறைகள் என்று சொல்ல மாட்டேன். இருபது ஆண்டு உதவியாளராக இருந்து தொழிலைக் கரைத்துக் குடித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் நிலையான ஒயரிங்கை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் அல்லது அவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது சட்டம். விபத்து நேர்ந்து காப்பீடு கோரும்போதும் முதலில் இதைத்தான் கேட்கக்கூடும். இருக்கும் விளக்கைக் கழற்றி வேறொன்று மாட்டுவது போன்றவற்றுக்கு, உங்கள் பகுதியின் விதி அனுமதித்தால், அவரையே அழைத்துக்கொள்ளுங்கள். மெயின் போர்டு, எர்த்திங், புதுச் சுற்று இழுப்பது, இன்வெர்ட்டர் இணைப்பு ஆகியவற்றில் பாதிக் கூலியை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓர் எலெக்ட்ரீஷியன். என்ன விலை சொன்னாலும் வாடிக்கையாளர்கள் குறைத்துக் கேட்கிறார்கள். அதனால் முதலிலேயே ஏற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: மொத்தமாக ஒரே தொகையைச் சொன்னால் அதைக் குறைக்கச் சொல்வது எவருக்கும் எளிது. அதையே பிரித்து எழுதிக் கொடுத்துப் பாருங்கள்: பொருள் இவ்வளவு, பைப் பதிக்க இவ்வளவு, ஒயர் இழுக்க இவ்வளவு, பொருத்த இவ்வளவு, சோதிக்க இவ்வளவு என்று. குறைக்கக் கேட்பவரிடம், "எந்த வேலையை விட்டுவிடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று அந்தத் தாளை நீட்டலாம். பேரத்துக்கென்று ஏற்றிச் சொல்லும் பழக்கத்தில் நட்டப்படுபவர் பேரம் பேசத் தெரியாத முதியவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தொகை பிற்பாடு அவருக்குத் தெரியவரும்போது உங்கள் பெயரும் கெடும்.

விலை எத்தனை நாள் வரை செல்லும் என்பதையும் தாளிலேயே குறித்துவிடுங்கள். லண்டன் உலோகச் சந்தையில் செம்பின் விலை நாள்தோறும் மாறுகிறது, ஒயர் விலையும் சற்றுப் பின்தங்கி அதைத் தொடர்கிறது. மூன்று மாதத்துக்கு முன் சொன்ன தொகைக்கே இன்று செய்யச் சொன்னால் உங்கள் கைப்பணம் போகும். இடையில் "இங்கே ஒரு சாக்கெட் சேர்த்துவிடுங்களேன்" என்று கேட்கப்படுபவற்றுக்கான விலையை, கடைசியில் சேர்த்துச் சொல்லாமல், சுவரை வெட்டுவதற்கு முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: வேலையெல்லாம் முடிந்த பிறகு சோதனைக் கட்டணம் என்று தனியாகக் கேட்கிறார். எல்லா விளக்கும் எரிகிறது, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், அதுவும் விழுகிறது. இதற்கு மேல் என்ன சோதனை?

பதில்: அந்தப் பொத்தான், கருவிக்குள்ளேயே ஒரு சிறிய கசிவைச் செயற்கையாக உண்டாக்கிப் பார்க்கிறது. உங்கள் வீட்டில் எர்த் ஒயர் இருக்கிறதா என்பதே அதற்குத் தெரியாது; எர்த்தே இல்லாத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் ஆர்.சி.சி.பி. விழும். அவர் செய்ய வேண்டியவை வேறு. எர்த் ஒயர் கடைசிச் சாக்கெட் வரை அறுபடாமல் ஓடுகிறதா, ஒயர்களின் இன்சுலேஷன் தடை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் விதிப்படி 1 மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கிறதா, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கின்றனவா, 30 மில்லி ஆம்பியர் கசிவை உண்டாக்கினால் ஆர்.சி.சி.பி. 300 மில்லி விநாடிக்குள் விழுகிறதா, எர்த்தின் தடை எவ்வளவு என்று கருவிகளை வைத்து அளக்க வேண்டும்.

முதலில் கொடுத்த விலையிலேயே சோதனையும் அடங்கும் என்று சொல்லியிருந்தால் அவர் இப்போது தனியாகக் கேட்பது தவறு. அதைப் பற்றிப் பேசவே இல்லையென்றால் கொடுத்துவிடுங்கள். ஆனால் மேலே சொன்ன அளவுகள் ஒவ்வொன்றும் சுற்று வாரியாக எண்ணில் குறிக்கப்பட்டு, தேதியும் கையெழுத்தும் இட்ட தாள் கைக்கு வந்த பின் கொடுங்கள். அந்தத் தாளை டிஸ்ட்ரிபியூஷன் போர்டின் கதவுக்கு உட்புறமாக ஒட்டி வைத்தால், அடுத்த முறை யார் வந்தாலும் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.